ஒரு நிலவுடைமையாளரின் உடன்படிக்கை

ஆசிரியருக்கு,

போலந்து-லித்துவேனியாவின் 1791 மே 3 அரசியல் சட்டம் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, அது உழவர்களை விடுவித்தது என்கிறது. அப்படியல்ல. உழவர்களைச் சட்டப் பாதுகாப்பில் கொண்டுவந்த நான்காம் பிரிவு, பண்ணையார் விரும்பிச் செய்துகொள்ளும் உடன்படிக்கை இருதரப்பையும் கட்டுப்படுத்தும் என்றதே தவிர, பண்ணையடிமை முறையை ஒழிக்கவில்லை. இப்பாடத்தைக் கற்பிக்கையில் மாணவர்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

அத்தகைய உடன்படிக்கை எப்படி இயங்கியது என்பதற்கு பாவெல் க்சாவெரி ப்ஷொஸ்தோவ்ஸ்கியின் வாழ்க்கையே சிறந்த சான்று. பிரபுவும் பாதிரியாருமான அவர், லித்துவேனியாவின் வில்னியஸ் நகருக்குத் தெற்கே தாம் வாங்கிய பண்ணைக்கு பவ்லவா எனப் பெயரிட்டு, 1769இல் அங்கிருந்த உழவர்களுக்குத் தனிமனிதச் சுதந்திரம் அளித்தார். கட்டாய உழைப்புக்குப் பதில் பணக் குத்தகை வந்தது. உழவர்களுக்கென ஒரு மன்றம், பள்ளி, காவற்படை ஆகியவையும் உருவாயின. அந்த ஏற்பாட்டை நாடாளுமன்றமே 1791இல் அங்கீகரித்தது. ஆயினும் அனைத்தும் ஒரே உடைமையாளரின் விருப்பத்தைச் சார்ந்திருந்தன; ரஷ்யாவுக்கு எதிரான 1794 கிளர்ச்சி தோற்றபின் பண்ணை கைமாறியது, பவ்லவா குடியரசு எனப்பட்ட அந்த ஏற்பாடும் முடிந்தது. இவ்வளவு அரிய முயற்சி தமிழில் அறியப்படாதிருப்பது வருந்தத்தக்கது. தங்கள் வரலாற்றுப் பகுதியில் பவ்லவா குறித்து, நான்காம் பிரிவின் முழுத் தமிழாக்கத்துடன், தனிக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

- வரலாற்று ஆசிரியர் ஒருவர், மதுரை