அக்காவுக்கு, கர்கதே போடும் பக்குவம்

கெய்ரோ

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தான், அத்தை, பிள்ளைகள் எல்லாரும் நலமா? ஊருக்கு வருகிறவர் கையில் அரைக் கிலோ கர்கதே கொடுத்து அனுப்பியிருக்கிறேன், இங்கே சர்பத்தாகவும் டீபோலவும் போட்டுக் குடிப்பது. கறுஞ்சிவப்பாக, சுருண்ட சருகுபோல இருக்கும். போனில் பக்குவம் சொன்னால் பாதி காதில் விழாது, மீதி மறந்துபோகும். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது நம் வாசலில் பூக்கிற செம்பருத்தி இல்லை. அதற்குச் சொந்தக்காரச் செடிதான், ஆனால் வேறு. புளிச்சக்கீரை இருக்கிறதே, சிவந்த தண்டோடு வருவது, அந்தச் செடி. அதன் பூ இளமஞ்சளாக, நடுவில் கறுஞ்சிவப்புப் பொட்டோடு பூத்து ஒரே நாளில் வாடிவிடும். பூ போனபிறகு, அதை அடியில் தாங்கியிருந்த புல்லி சதைப்பிடித்துச் சிவந்து, உள்ளே இருக்கும் பச்சைக் காயை மூடிக்கொள்ளும். காயைத் தள்ளிவிட்டு அந்தச் சதையை மட்டும் உலர்த்தினால் கர்கதே. ஆக, இதில் பூவிதழே கிடையாது. வாசல் செம்பருத்தியின் இதழைச் சுடுதண்ணீரில் போட்டால் ஊதா நிறம்தான் வரும், புளிப்பு இருக்காது, எலுமிச்சை பிழிந்தால்தான் சிவக்கும். இது தானே சிவக்கும், தானே புளிக்கும். எலுமிச்சைக்கு வேலையே இல்லை.

இந்த ஊரில் இதை எப்போது குடிப்பார்கள் என்று கேட்டால், எப்போதும் என்றுதான் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் தெருமுனை அஹ்வாவில் (காப்பிக்கடையைத்தான் சொல்கிறேன்) கண்ணாடி கிளாஸில் ஆவி பறக்கக் கொண்டுவந்து வைப்பார்கள். வெயில் காலத்தில் கரும்புச்சாறு பிழிகிற ஜூஸ் கடையிலேயே இதுவும் புளிக்கரைசல் சர்பத்தும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ரமலானில் நோன்பு திறக்கிற மேஜையில் ஒரு ஜக்கு கட்டாயம். கல்யாண வீட்டிலும் கிளாஸை உயர்த்தி வாழ்த்துவது இதைக்கொண்டுதான். தெற்கே அஸ்வான் பக்கம், அங்கத்துப் பூர்வகுடிகளான நூபியர் வீட்டுக்குப் போனால், உட்காரும் முன்னே கையில் ஒரு கிளாஸ் வந்துவிடும். அஸ்வான் சரக்குக்கு இங்கே தனி மதிப்பு, கறுப்பை ஒட்டிய சிவப்பு. சூடான் நாட்டில் கொர்தொஃபான் பகுதியில் விளைவதும் நல்ல சரக்கு. 2023 ஏப்ரலில் அங்கே சண்டை தொடங்கியபின் நிறையப் பேர் கெய்ரோவுக்கு வந்தார்கள். அவர்கள் கடைகளில் சில சமயம் சூடான் சரக்கும் கிடைக்கிறது.

நான் வாங்கியது அத்தார் கடையில். மசாலாவும் நாட்டு மருந்தும் சேர்த்து விற்கிற கடை. சாக்கின் வாயைச் சுருட்டி வைத்து அள்ளிப் போடுவார்கள். தூளாக்கியதை வாங்கவே கூடாது, பழைய சரக்கும் மண்ணும் அதில்தான் ஒளிந்துகொள்ளும். முழுசாக இருக்க வேண்டும், நிறம் பழுப்படிக்கக் கூடாது. கசக்கினால் நொறுங்கலாம், ஆனால் கையில் தூசியாகக் கொட்டக் கூடாது. மோந்து பார்த்தால் புளிப்பு கலந்த பழ வாசம் வரவேண்டும். வைக்கோல் வாசம் வந்தால் வருஷம் கடந்த சரக்கு. ஊரிலும் இப்போது பாக்கெட்டில் விற்கிறார்களாமே, வாங்கினால் ஒன்று செய்து பார். ஊறிய தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடு. சிவப்பு போய் ஊதா, நீலம், சோடா கூடினால் பச்சை என்று மாறும். அசையாமல் சிவப்பாகவே நின்றால் அது சாயம்.

இதே காரணத்தால்தான் தண்ணீர் முக்கியம். இந்தச் சிவப்பு புளிப்பில் நிற்கிற சிவப்பு. நம் ஊர் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும், அதில் போட்டால் கர்கதேயின் புளிப்பில் ஒரு பங்கை அந்தத் தண்ணீரே தின்றுவிடும். நிறம் மங்கி ஊதா கலந்த பழுப்பாக வரும், சுவையும் சப்பென்று இருக்கும். சரக்கு மோசம் என்று நினைத்து நீ இன்னும் இரண்டு பிடி போடுவாய், அது தேவையில்லை. குடிக்கிற கேன் தண்ணீர் அல்லது மழைத் தண்ணீர் எடு. ஆற்றுத் தண்ணீர் வருகிற குழாய் என்றால் அதுவும் சரி.

அடுத்தது பாத்திரம். அலுமினியச் சட்டி வேண்டாம். பித்தளையும் வேண்டாம், புளி வைத்தால் களிம்பு ஏறுகிற எதிலும் இதை வைக்காதே. எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் மூன்றும் நல்லது. வெள்ளை பிளாஸ்டிக் ஜக்கில் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும், பிறகு போகாது.

இனிப் பக்குவம். இரண்டு வழி உண்டு. எனக்குப் பிடித்தது ஊறவைப்பதுதான், ஆகவே அதை முதலில் சொல்கிறேன்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம். தராசு இல்லையென்றால், பெரிய கையால் தளர அள்ளினால் இரண்டு பிடிக்குக் கொஞ்சம் கூட வரும். வடிகட்டியில் போட்டு ஓடுகிற குழாய்க்கு அடியில் ஒரே ஒரு அலசு. பாலைவனக் காற்றில் காய்ந்தது, மண் இருக்கும். ஆனால் அரிசி களைவதுபோல் இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிவிடாதே, முதல் நிமிஷத்திலேயே நிறம் இறங்கத் தொடங்கிவிடும், நல்லதெல்லாம் சாக்கடைக்குப் போகும். அலசியதைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, பச்சைத் தண்ணீர் ஊற்றி, மூடி, ஃபிரிட்ஜில் எட்டு மணி நேரம் வை. ராத்திரி படுக்குமுன் போட்டால் காலையில் தயார். ஜாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு வேடிக்கை தெரியும். சருகின் நுனியிலிருந்து சிவப்பு நூல் நூலாக அடிக்கு இறங்கி, கீழே கெட்டியாகவும் மேலே வெளிறியும் நிற்கும். அதனால் இடையில் ஒருமுறை கிளறிவிட வேண்டும். காலையில் மெல்லிய துணியில் வடிகட்டு. சாதாரண வடிகட்டியில் நுண்மண் தங்காது. துணியைக் கடைசிச் சொட்டுவரை முறுக்கிப் பிழியாதே, கொழகொழப்பும் துவர்ப்பும் இறங்கி, கலங்கிப்போகும்.

சூடாகக் குடிக்க வேண்டுமென்றால் ஒரு லிட்டருக்கு 20 கிராம் போதும், சூட்டில் சீக்கிரம் இறங்கிவிடும். ஒரு கிளாஸுக்கு என்றால் நான்கைந்து சருகு. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, அதன்பின் கர்கதேயைப் போட்டு மூடிப் பத்து நிமிஷம் வைத்து வடிகட்டு. அடுப்பை அணைத்தபின் என்பதை மறக்காதே. நம் டீத்தூளைக் கொதிக்கவைக்கிற பழக்கத்தில் இதையும் கால்மணி நேரம் கொதிக்கவிட்டால் பழ வாசம் போய்விடும், துவர்ப்பு மேலே வரும், நிறமும் செங்கல் பக்கம் திரும்பும். இங்கேயும் பல வீடுகளில் கொதிக்கத்தான் விடுகிறார்கள், பிறகு துவர்ப்பு தெரியாமலிருக்கச் சர்க்கரையைக் கொட்டுகிறார்கள். அந்த வழக்கம் நமக்கு வேண்டாம்.

பால் சேர்க்கவே முடியாது, உடனே திரிந்துவிடும். அத்தை கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லி வை.

சர்க்கரை ஒரு லிட்டருக்கு 80 கிராமிலிருந்து பார். இந்த ஊர்க்காரர்களுக்கு 150 போட்டாலும் காணாது. ஊறவைத்த குளிர்ந்த தண்ணீரில் சர்க்கரை கரையாமல் அடியில் மணலாக நிற்கும். அதனால் சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் கொதிக்கவைத்து, ஆறவைத்த பாகை ஊற்று. தேன் என்றால் குடிக்கிற சூட்டுக்கு ஆறியபின் சேர். கருப்பட்டி போட்டால் புகைவாசம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும், நிறமும் போய்விடும். அது சுக்குக் காப்பிக்கே இருக்கட்டும். மசாலா என்று பார்த்தால், ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு சூடான பக்குவத்துக்குச் சரிவரும். ஜமைக்காவில் கிறிஸ்துமஸுக்கு இதையே இஞ்சி தட்டிப் போட்டுச் செய்கிறார்கள், செனெகலில் புதினா சேர்க்கிறார்கள். இஞ்சி நம் நாக்குக்கு நன்றாகவே ஒட்டும். ஏலக்காய் எனக்குப் பிடிக்கவில்லை, பாயச வாசம் வந்துவிடுகிறது.

விருந்தாளிகள் வருகிற வீடு உன்னுடையது, ஆகவே கெட்டியாகப் போட்டு வைத்துக்கொள்வது வசதி. 100 கிராம் கர்கதேக்கு ஒரு லிட்டர் கொதித்த தண்ணீர் ஊற்றி, மூடி இருபது நிமிஷம் வைத்து வடிகட்டி, அந்தச் சாற்றில் அரைக் கிலோ சர்க்கரையைக் கரைத்து ஒரு கொதி மட்டும் விட்டு ஆறவை. கொதிநீரில் அலசி நன்றாகக் காயவைத்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் கவலையில்லை. ஒரு பங்குக்கு மூன்று நான்கு பங்கு குளிர்ந்த தண்ணீர். சாதாரணமாகப் போட்டது நான்கு நாளைக்குமேல் வேண்டாம். வெளியே வைத்தால் நம் வெயிலுக்கு ஒரே நாளில் நுரைத்துவிடும். மூடி திறக்கும்போது உஸ் என்றால் கொட்டிவிடு.

சட்டையில் சிந்தினால் பிள்ளைகள் நேரே சோப்பைப் போடுவார்கள். சோப்பு பட்டதும் கறை நீலம் பாய்ந்து உட்கார்ந்துகொள்ளும், அதுவும் அந்த ஆப்பசோடா கதைதான். பச்சைத் தண்ணீரில் அலசி, எலுமிச்சைச் சாறோ வினிகரோ தடவி, மறுபடி அலசியபிறகுதான் சோப்பு.

அத்தானுக்குப் பிரஷர் மாத்திரை ஓடுகிறதல்லவா, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். சூடாகக் குடித்தால் பிரஷர் ஏறும், ஜில்லென்று குடித்தால் இறங்கும் என்று இங்கே டாக்ஸிக்காரர்வரை சொல்வார்கள். நம்பாதே, குடித்துச் சற்று நேரத்தில் வயிற்றுக்குள் இரண்டும் ஒரே சூடுதான். அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2010-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பிரஷர் சற்றே கூடியிருந்த, மாத்திரை எடுக்காத 65 பேரில் ஒரு பாதிக்கு இதைத் தினம் மூன்று கப் வீதம் ஆறு வாரம் கொடுத்தார்கள். அவர்களுக்கு மேல் எண் சராசரியாக 7 புள்ளி இறங்கியது. அந்த அளவுக்கு வேலை செய்கிறது என்றால், மாத்திரையோடு சேரும்போது கூடுதலாகவும் இறங்கலாம் என்றுதான் அர்த்தம். மாத்திரையை நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நாளுக்கு ஒரு கிளாஸோடு நிற்கட்டும். தலை சுற்றினால் விட்டுவிட வேண்டும். கர்ப்பமாக இருக்கிறவர்கள் யாரும் வீட்டுக்கு வந்தால் அவர்களுக்கு வேறு ஏதாவது கொடு. வெறும் வயிற்றில் யார் குடித்தாலும் நெஞ்சு கரிக்கும். குடித்தபின் வாய் கொப்பளிப்பது பல்லுக்கு நல்லது, புளிப்பு அவ்வளவு. காப்பி, டீயில் இருக்கிற கஃபீன் இதில் இல்லை, ஆகவே ராத்திரி குடித்தாலும் தூக்கம் கெடாது.

அரைக் கிலோ என்றால், ஊறவைக்கிற கணக்கில் பதினாறு லிட்டர்வரை வரும். தீர்ந்துபோனால் எனக்கு எழுத வேண்டியதில்லை, கொல்லையிலேயே வளர்க்கலாம். பகல் பொழுது குறையும்போது பூக்கிற செடி இது. ஆடியில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் காய்க்கும். செடிக்குச் செடி மூன்றடி விடு, புதராக விரியும். விதை வாங்கும்போது கீரைக்கு விற்கிற ரகம் வேண்டாம். புல்லி தடித்துச் சிவக்கிற ரகம் வேண்டும் என்று கேட்டு வாங்கு. சிவந்த காம்பு என்பதால் மட்டும் சதை வைக்காது. பூ வாடி பத்து நாளுக்குமேல் ஆனதும், விரலால் ஒடித்தால் டக்கென்று ஒடிகிற பதத்தில் பறிக்க வேண்டும். விட்டுவைத்தால் நார் பாய்ந்துவிடும். அடிக்காம்பை வட்டமாக வெட்டி, விரலால் உள்காயைத் தள்ளினால் சதை கிண்ணமாகக் கழன்று வரும். நிழலில், காற்றோட்டத்தில், துணியில் பரப்பி உலர்த்து. நல்ல வெயிலில் போட்டால் நிறம் வெளிறும். பத்துக் கிலோ பச்சைக்கு ஒரு கிலோதான் உலர்ந்தது கிடைக்கும். அந்தக் கார்த்திகை மழைதான் தொல்லை, இரண்டு நாள் ஈரம் காயாமல் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அப்படித் தெரிந்தால் உலர்த்துவதை விட்டுவிட்டுப் பச்சையாகவே சர்பத்தோ ஊறுகாயோ போட்டுவிடு.

வடிகட்டியபின் மிஞ்சுகிற சக்கையை எறியாதே. அதிலேயே அரை லிட்டர் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிஷம் வைத்தால் இரண்டாம் தண்ணீர் வெளிறின சிவப்பில் வரும், முதல் தண்ணீரோடு கலந்துவிடலாம். அதற்குப் பிறகும் சக்கையில் கொஞ்சம் புளிப்பு நிற்கும். நாலு வரமிளகாய், ஏழெட்டு சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, பெருங்காயம் நல்லெண்ணெயில் வதக்கி, சக்கையையும் போட்டுச் சுருள வதக்கி, உப்பு வைத்து அரைத்தால் புளிச்சக்கீரைத் துவையலுக்குக் குறைவில்லை. புளி சேர்க்க வேண்டாம். மறுநாள் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, உறைப்பு எப்படி என்று எழுது.

பிள்ளைகளுக்கு அன்பு. அத்தைக்கு வணக்கம் சொல்.

உன் தங்கை