பெரிய உபகாரம்

அன்பானவர்களே,

போன மாதம் பேராசிரியர் பதவி கிடைத்ததிலிருந்து வாழ்த்துகள் வந்தபடியே இருக்கின்றன. தனித்தனியே பதில் எழுதத் தொடங்கினேன், முடியவில்லை. ஆகவே இந்த மடல்.

முதல் நன்றி, இன்று இல்லாத அம்மம்மாவுக்கு. என் வேலை உப்புக்கல் போன்ற பொருள்களைக் கணினிக்குள் அணு அணுவாகக் கட்டிப் பார்ப்பது. ஒரு மில்லிமீற்றர் உப்புக்கல்லிலேயே 4 இலட்சம் கோடி கோடிக்கு மேல் அணுக்கள். எந்தக் கணினியும் தாங்காது. சில ஆயிரம் அணுக்களை ஒரு பெட்டிக்குள் வைத்து, அதே பெட்டி எல்லாத் திசையிலும் தொடர்வதாகக் கணிப்போம். இதை முதலில் படித்தபோது எனக்கு அம்மம்மாவின் பனையோலைப் பாய்தான் தெரிந்தது. மூலையில் போட்ட நாலு ஓலையின் ஒழுங்குதான் பாய் முழுக்கப் போகும். பிரியத் தொடங்குவதும் மூலையில்தான். நான் இழுத்துப் பார்த்துக் குட்டு வாங்கியிருக்கிறேன். உப்பும் அப்படியே. உள்ளே இருக்கும் அணுவுக்கு ஆறு அயலவர், மூலையில் இருப்பதற்கு மூன்று பேர்தான். தண்ணீர் அதைத்தான் முதலில் கொண்டுபோகும்.

அடுத்தது, டியூட்டரியில் பௌதிகவியல் படிப்பித்த மாஸ்டர். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக நகர்ந்தபோது, உங்கள் சைக்கிள் கரியரில் உடுப்புப் பையைவிடப் பெரிதாக எங்கள் கொப்பிக்கட்டு இருந்தது. தென்மராட்சியில் ஒரு மாமரத்தடியில் மறுபடி வகுப்பு வைத்தீர்கள், காசு கேட்கவில்லை. மண்ணெண்ணெய் பொன்னாக இருந்த காலத்தில், என் ஜாம் போத்தல் விளக்குக்கு உங்கள் போத்தலிலிருந்து சரித்து ஊற்றிய அந்த ஒரு கரண்டியை மறக்கவே இல்லை.

பல்கலைக்கழக நண்பர்கள், வெளிநாட்டு மேற்பார்வையாளர், கடன் தந்த மாமா, எல்லாருக்கும் நேரில் சொல்லிவிட்டேன். சரி, கடைசியாக அடுத்த வளவு மில்கார அண்ணை.

2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம்கூட மின்சாரம் நின்றது. நாங்கள் அணுக்களை நகர்த்துவது, ஒரு செக்கனின் கோடி கோடியில் ஒரு பங்கிலும் சிறிய அடிகளாக. ஒரு கணிப்பு முடிய வாரக்கணக்காகும். கரண்ட் போனால் கடைசியாகச் சேமித்த இடத்துக்குத் திரும்ப வேண்டும். நீங்கள் வரிசையில் நின்று வாங்கிய டீசலில் மில் ஜெனரேற்றரை ஓட்டி, வேலிக்கு மேலால் எனக்கும் ஒரு வயர் இழுத்துவிட்டீர்கள். விடிந்தால் வேலியடியில் நின்று, “தம்பி, உப்புக்கல்லு இன்னும் கரையேல்லையோ?” என்று கேட்பீர்கள்.

கரைஞ்சிட்டுது, அண்ணை.