துணிக்குள் ஒரு அம்மா

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய அந்தப் பழைய குடும்பப் புகைப்படத்தை இரண்டு நாளாகப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். "அவர் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார், அந்த அம்மா கால்கடுக்க நிற்கிறாள், ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை, பாவம்" என்று எழுதியிருந்தாய். பாதி சரி.

உட்கார்ந்தவர் குடும்பத் தலைவர், தோளில் கை வைத்தவள் மனைவி என்பது அந்தக் காலத்தில் பழகிப்போன அமைப்புதான். ஆனால் அவள் உட்கார்ந்து அவர் நிற்கும் படங்களும் ஏராளம். யார் எங்கே நிற்பது என்று சொன்னது பெரும்பாலும் படம் எடுத்தவர். நாற்காலி, தூண், திரைச்சீலை எல்லாம் ஸ்டூடியோவின் சொத்து. அவர் கையில் இருக்கும் புத்தகமும் அப்படித்தான் இருக்கும். படித்தவர் என்று அது சொல்லாது. படித்தவராகத் தெரிய விரும்பினார் என்று வேண்டுமானால் சொல்லும். எனக்கு அந்த ஆசைதான் பிடித்திருக்கிறது.

கறுப்பு உடை என்றதும் துக்கம் என்று முடிவு கட்டாதே. அன்று படம் பதிந்த, ரசாயனம் பூசிய தகடுகளுக்கு நீல ஒளிதான் நன்றாகப் பதியும். சிவப்பு கறுப்பாகவே விழும். அவள் சிவப்புக்கூட உடுத்தியிருக்கலாம். சிரிப்பும் அதேபோல். 1839-இல் பிரான்சின் டாகர் கண்டுபிடித்த புகைப்பட முறை வெளியானபோது ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் ஆனது. பிறகு அது நொடிகளாகக் குறைந்தும், அத்தனை நொடி பல்லைக் காட்டி அசையாமல் இருந்து பார், தெரியும். அவர்கள் காலுக்குப் பின்னால் தெரிகிற இரும்புத் தாங்கி, தலை ஆடாமல் பிடிக்க வைத்தது. பிணத்தை நிறுத்த வைத்தது என்று இணையத்தில் கதை கட்டுகிறார்கள். அது ஒரு உடலின் எடையைத் தாங்காது.

அப்புறம், நீ கவனிக்காமல் விட்ட ஒன்று. வலது ஓரத்தில் குழந்தை உட்கார்ந்திருக்கிறதே, துணி போர்த்திய நாற்காலி, அது நாற்காலி இல்லை. மடிப்புகளைப் பார், மேலே தலை அளவுக்கு ஒரு புடைப்பு. குழந்தை அசையாமல் இருக்க, யாரோ ஒருத்தி துணிக்குள் உட்கார்ந்து அதைப் பிடித்திருக்கிறாள். தாயோ, செவிலியோ. 'மறைந்திருக்கும் தாய்' என்றே இவ்வகைப் படங்களுக்குப் பெயர். குழந்தையின் விலாப் பக்கம் நான்கு விரல்கள் தெரிகின்றன, பார்த்தாயா?

உன் ஒரு வயதுப் படத்தையும் எடுத்துப் பார். இடது ஓரத்தில் உன் இடுப்பைப் பிடித்திருக்கும் கை என்னுடையது. சட்டம் போட்டபோது உன் அப்பா அதை வெட்டச் சொன்னார், நான்தான் விடவில்லை.

அன்புடன்,
அம்மா