செயலாளரின் ஆண்டறிக்கை: கொழும்புத் தண்ணீருக்கு ஏற்ற மீன்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவு பற்றிப் பொருளாளர் தனியே அறிக்கை சமர்ப்பிப்பதால், மாதாந்தக் கூட்டங்களில் ஆண்டு முழுவதும் அதிகம் பேசப்பட்ட விடயத்தை, அதாவது நம் வீட்டுத் தண்ணீர் எந்தத் தொட்டி மீனுக்குப் பொருந்தும் என்பதை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்தும் குழாய்நீர் களனி கங்கையிலிருந்து பெறப்பட்டு அம்பத்தலையில் சுத்திகரிக்கப்படுவது. குளோரீனை நீக்கிவிட்டால் எஞ்சுவது மென்னீர், அதாவது கல்சியம், மக்னீசியம் உப்புகள் குறைந்த நீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தின் கிணற்றுநீரோ அவை மிகுந்த வன்னீர். ஊரில் முற்றத்துத் தொட்டியில் தாமாகவே குட்டி போட்டுப் பெருகிய, வன்னீர் விரும்பும் மொலி மீன்கள் வெள்ளவத்தை மாடிவீட்டுக்கு வந்ததும் செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆடத் தொடங்கினால், மருந்துப் போத்தலைத் தேடுவதற்கு முன் நீரின் வன்மையை அளந்து பார்ப்பதே முறை. நீரின் அமில, கார நிலையைக் காட்டும் பீஎச் அளவு 7.8 முதல் 8.6 வரை கேட்கும் மலாவி ஏரிச் சிக்லிட்டுகளுக்கும் இது பொருந்தும்.

கொட்டாஞ்சேனை அங்கத்தவர் ஒருவரின் ஏஞ்சல் மீன்களுக்கு நேர்ந்ததைச் சற்று விரிவாகப் பதிவு செய்ய வேண்டியுள்ளது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை வடிகட்டியிலுள்ள பற்றீரியாக்கள் முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும்போது அமிலத்தைச் சமன்செய்யும் நீரின் காரத்தன்மை செலவாகிறது. மென்னீரில் அந்தக் கையிருப்பே குறைவு என்பதால், மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத அத்தொட்டியில் பீஎச் 6க்குக் கீழே இறங்கி, பற்றீரியாக்களின் வேலை மந்தமாகி, அமோனியா அவ்வளவாக நஞ்சில்லாத அமோனியம் வடிவில் சேர்ந்துகொண்டே வந்தது. மீன்களுக்கு வெளிப்படையாக ஒன்றும் ஆகவில்லை. விருந்தினர் வருகிறார்கள் என்று ஒரே நாளில் முக்கால் தொட்டி தண்ணீரை மாற்றியபோது பீஎச் சட்டென ஏறி, அமோனியத்தின் ஒரு பகுதி நச்சு அமோனியாவாக மாற, மாலைக்குள் மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நின்றன. சுத்தம் செய்ததால் மீன் செத்தது என்று வீட்டார் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. வாரந்தோறும் நாலிலொரு பங்கை மாற்றுவதும், மெல்லக் கரைந்து காரத்தன்மையை ஈடுசெய்யும் பவளத்துண்டுகளில் ஒரு பிடியை வடிகட்டியில் இடுவதும் இத்தகைய சரிவைத் தடுக்கும்.

வெப்பநிலையைப் பொறுத்தவரை, 28 முதல் 30 பாகை செல்சியஸ் விரும்பும் டிஸ்கஸ் இங்கே பெரும்பாலும் ஹீட்டர் இல்லாமலே வாழக்கூடியது. நியோன் டெட்ராவுக்கு நம் அறைச் சூடு அதிகம். அதன் இடத்தில் கார்டினல் டெட்ராவை வைப்பது நல்லது. குளிர்நீர் விரும்பும் தங்கமீனை இவற்றோடு சேர்த்து விற்கும் வழக்கம் மட்டும் குறைந்தபாடில்லை.

பீஎச்சைக் கூட்டவும் குறைக்கவும் திரவங்கள் வாங்குவதை விட, இருக்கும் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பதே மலிவும் பாதுகாப்பும் என்பது செயற்குழுவின் கருத்து. களனி முதல் நில்வளை வரையான ஆற்றுப்படுகைகளின் நிழலோடைகளில் வாழும் நம் நாட்டுச் செரி பார்ப் இதற்கு முதல் தெரிவாகலாம். ஆனால் ஓடையில் பிடித்தவற்றைத் தவிர்த்து, வளர்ப்பகங்களில் இனப்பெருக்கம் செய்தவற்றையே வாங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

வரும் ஆண்டில் வன்மையையும் அமோனியாவையும் அளக்கும் சோதனைப் பெட்டிகள் இரண்டைப் பொதுநிதியில் வாங்கி அங்கத்தவர்களுக்கு இரவல் கொடுப்பதற்கான பிரேரணையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

இவ்வண்ணம்,
செயலாளர்