தட்டில் வளர்ந்த பூஞ்சை மட்டும் சான்றாகாது

கன உலோகம் படிந்த தொழிற்சாலை நிலங்களைச் சீரமைக்க ஒப்புதல் அளிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு,

வணக்கம். மண் பூஞ்சைகளைக் கொண்டு நிலத்தைச் சீரமைக்கலாம் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. அது முறையாக நடக்க வேண்டும் என்றே எழுதுகிறோம்.

ஈயம் கலந்த ஆய்வகத் தட்டில் பூஞ்சை செழித்திருக்கும் படத்தை மட்டும் சான்றாகக் காட்டும் திட்டத்தைத் திருப்பி அனுப்புங்கள். உலோகத்தை உள்ளே விடாமல் தடுக்கும் பூஞ்சையும் அப்படித்தான் செழிக்கும். தட்டில் பூஞ்சைக்கு உணவாக இட்ட வளர் ஊடகத்தில் பாஸ்பேட் இருந்தால் ஈயம் அதனுடன் சேர்ந்து படிந்துவிடும். ஊற்றிய அளவு ஈயத்தைப் பூஞ்சை சந்தித்தே இருக்காது.

எண்ணெயைப்போல உலோகம் சிதைந்து மறையாது. அதை மண்ணிலேயே கட்டிப்போடப் போகிறார்களா, கரைத்து வெளியே எடுக்கப் போகிறார்களா என்று முதலில் கேளுங்கள். அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கரும்பூஞ்சை இரண்டையும் செய்யும். அது சுரக்கும் ஆக்ஸாலிக் அமிலம் ஈயத்தைக் கரையாத ஆக்ஸலேட்டாக்கும். சிட்ரிக் அமிலமோ துத்தநாகத்தைக் கரைத்துவிடும். கரைந்ததைப் பிடிக்க வடிகாலும் தொட்டியும் இல்லையென்றால் அது நிலத்தடி நீரில்தான் சேரும்.

கட்டிப்போடும் திட்டத்தில் மொத்த ஈயம் குறையக் கூடாது. பாதியாகிவிட்டது என்று அறிக்கை சொன்னால், மீதி எங்கே என்று கேட்க வேண்டும். குறைய வேண்டியது கரையும் பங்குதான். நடுநிலை, கார மண்ணென்றால் 10 கிராம் மண்ணில் 7.3 பி.எச். (கார அமில நிலை) உள்ள, உலோகத்தைப் பற்றிக் கரைக்கும் டி.டி.பி.ஏ. என்ற வேதிப்பொருளின் கரைசல் 20 மி.லி. ஊற்றி, 2 மணி நேரம் குலுக்கி, வடிகட்டி அளக்கலாம். தவிட்டில் வளர்த்த பூஞ்சை இட்ட பாத்திக்குப் பக்கத்தில், கிருமி நீக்கிய தவிடு மட்டும் அதே அளவு இட்ட பாத்தி கட்டாயம் இருக்கட்டும். தவிடும் எருவும் தாமே உலோகத்தைப் பிடிக்கும். அந்தப் பெருமை பூஞ்சைக்குப் போய்விடுகிறது.

உலோகத்தை உறிஞ்சக் கடுகு விதைத்து, கூடவே வேர் உட்பூசணமும் (வேருக்குள் செடியோடு கூட்டாக வாழும் பூஞ்சை) இடுவதாக எழுதியிருந்தால் அந்தச் செலவு வீண். கடுகுக் குடும்பச் செடிகளின் வேரில் அது கூட்டு வாழ்வு அமைப்பதில்லை. மற்ற செடிகளிலும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரம் மிகுந்தால் வேரில் அதன் பரவல் குறையும். அடிக்கடி உழுதால் பூஞ்சை இழைகள் அறுபடும்.

ஆர்சனிக் உள்ள மண்ணில் கூடுதல் கவனம் வேண்டும். சில பூஞ்சைகள் அதைப் பூண்டு வாடையுள்ள நச்சு வாயுவாக்கிவிடும். மூடிய கொட்டகையில் அந்த வேலை கூடாது. பூஞ்சை வித்துத் தூள் கையாளுபவர்களுக்குச் சுவாசக் கவசம் தர வேண்டும். நுரையீரல் நோய் உள்ளவர்களை அந்த வேலையில் விடவே கூடாது.

உலோகம் ஏறிய பூஞ்சைத் திரளும் அறுத்த செடியும் அபாயக் கழிவு. உரக்குழிக்குப் போகக் கூடாது. ஒப்புதலுக்கு முன் மண், வடிநீர், செடி, பூஞ்சைத் திரள் நான்கிலும் உலோகம் எத்தனை கிராம் என்ற கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
மண் சீரமைப்புப் பணியில் உள்ளோர்