பேட்டரி இறங்கிய ஆட்டோமேட்டிக் கார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தெற்கு மாசி வீதியை ஒட்டிய எங்கள் சந்தில், கடந்த வாரம் அதிகாலையில் என் மைத்துனரின் ஆட்டோமேட்டிக் கார் பேட்டரி இறங்கி நின்றுவிட்டது. பின்னால் ஜவுளி மூட்டைகளுடன் வந்த லோடு ஆட்டோ நகர வழியில்லை. சாதாரண கியர் வண்டியென்றால் நியூட்ரலுக்குத் தள்ளி நாலு பேர் உருட்டியிருப்போம். இதிலோ கியர் லிவர் 'பார்க்' நிலையை விட்டு அசையவே இல்லை.

தொலைபேசியில் அழைத்ததும் வந்த மீட்பு வண்டிக்காரர்கள் முன்பக்கம் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். பூட்டிய முன்சக்கரங்கள் சுழலாமல் தார் மீது இரண்டு முழ நீளத்துக்குக் கறுப்புக் கோடு கிழித்ததுதான் மிச்சம். 'பார்க்' நிலையில் கியர்பெட்டிக்குள் ஒரு சிறு கொக்கி பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால், அப்படி இழுத்தால் கொக்கியோ பல்லோ உடைய வாய்ப்புண்டு.

அதைப் பார்த்துப் பதறி ஓடிவந்த லோடு ஆட்டோ ஓட்டுநர், முன்பு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவராம், லிவர் அருகே நகக்கண் அளவே இருந்த பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்தார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஸ்டீயரிங் பூட்டு விடுபடச் சாவியைத் திருப்பி வைத்து, பிரேக்கை மிதித்தபடியே அந்தத் துளைக்குள் மெல்லிய ஸ்க்ரூடிரைவரை அழுத்தினார். லிவர் வழுக்கிக்கொண்டு நியூட்ரலுக்கு வந்தது. பிரேக்கை மிதித்ததும் லிவரின் பூட்டைத் திறக்க வேண்டிய மின்காந்தத்துக்கு மின்சாரம் கிடைக்காததால்தான் அது அசையாமல் நின்றது என்றும், அந்தத் துளை அதே பூட்டைக் கையால் தள்ளுவதற்கானது என்றும் அவர் விளக்கினார். பிறகு கல்லை எடுத்து, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி, தள்ளி ஓரங்கட்டினோம். இன்ஜின் ஓடாதபோது பிரேக் கட்டையாகவும் ஸ்டீயரிங் கனமாகவும் இருக்கும் என்பதால், இருக்கையில் ஒருவர் இல்லாமல் தள்ளக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

எல்லா வண்டியிலும் இந்தத் துளை கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதில்லை. சிலவற்றில் உறைக்கு அடியில் ஒளிந்திருக்கும். பொத்தானாலோ திருகு குமிழாலோ கியர் மாற்றும் புதிய வண்டிகள் பலவற்றில், வேறு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஜம்ப்பர் கேபிள் கொடுத்தால்தான் 'பார்க்' விடுபடும். மின்சார ஹேண்ட் பிரேக்குக்கும் அதே கதிதான்.

மைத்துனருக்கு வண்டியைக் கொடுத்தபோது மாலை போட்டுப் புகைப்படம் எடுக்க அரை மணி நேரம் செலவிட்டவர்கள், இந்த மூடியைக் காட்ட ஒரு நிமிடம் ஒதுக்கவில்லை. கையேட்டிலும் இந்தச் செய்தி ஆங்கிலத்தில் ஏதோ ஒரு மூலையில்தான் கிடக்கிறது. விற்பனையகங்கள் சாவி கொடுக்கும் நாளிலேயே இதைச் செய்து காட்டவும், அந்த ஒரு பக்கத்தையாவது தமிழில் அச்சிட்டு வண்டிக்குள் வைக்கவும், மீட்பு வண்டி நடத்துவோர் தம் பணியாளர்களைக் கயிறு கட்டும் முன் இந்த மூடியைத் தேடிப் பார்க்கப் பழக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தெற்கு மாசி வீதி, மதுரை.