ரோல்ஸ் விஷயமாக

பேராதனை

அன்புள்ள ரவி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குத் தடிமன், அவ்வளவுதான்.

டவுனில் வாங்கிய மட்டன் ரோல்ஸில் மாடு கலந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, அம்மா நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். மனசு கேட்கவில்லையடா. பட்டிப்பொங்கலுக்கு மாட்டைக் கும்பிட்டு வளர்ந்த மனுசி. தான் எதைச் சாப்பிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் கடை வாசலில் போய்ச் சத்தம் போடப்போகிறேன் என்கிறாயே, அதுதான் பயமாக இருக்கிறது. காமன் கூத்தில் ஆடியது போதும், இங்கேயும் ஆடாதே.

அரைத்து, மசாலா போட்டு, பொரித்த பிறகு வாயில் வைத்து ஆடா மாடா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பச்சை இறைச்சி என்றால் எலைசா சோதனையில் புரதத்தை வைத்தே பிடிக்கலாம். பொரித்ததில் புரதம் சூட்டில் உருமாறிவிடும், அதனால் டி.என்.ஏ. துண்டைப் பல பிரதிகளாகப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். தான் நம்பிக்கை. டி.என்.ஏ.யும் சூட்டில் உடையும், ஆனால் 100, 150 எழுத்து நீளத்தில் ஒரு துண்டு மிஞ்சினால் போதும். கலத்துக்குச் சக்தி கொடுக்கும் மைட்டோகொண்ட்ரியாவிலுள்ள, விலங்குக்கு விலங்கு வேறுபடும் சைட்டோகுரோம் பி மரபணுவைத் தேடுவோம். அது ஒரே கலத்தில் நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருப்பதால் கொஞ்ச இறைச்சியிலும் அகப்படும்.

ஒன்றை நன்றாகக் கவனி. இந்தச் சோதனை நாம் தேடுவதை மட்டும்தான் காட்டும். மாட்டுக்கான பிரைமரை, அதாவது மாட்டின் டி.என்.ஏ.யில் மட்டும் ஒட்டும் சின்னத் துண்டை, மட்டும் போட்டால் எருமை தப்பிவிடும். அயர்லாந்தில் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை குதிரையையும் தேடியதால்தான் 2013இல் மாட்டிறைச்சியில் குதிரை கலந்த விஷயமே வெளியே வந்தது. 27 மாட்டிறைச்சி பர்கரில் 10இல் குதிரை, 23இல் பன்றி. ஆனால் அந்தப் பத்தில் ஒன்பதில் குதிரை மிகக் கொஞ்சம்தான், ஒன்றில் மட்டும் 29 சதவீதம். 29 என்றால் தெரிந்தே கலந்தது. மற்றது அரைக்கும் மெஷினைச் சரியாகக் கழுவாததாலும் வந்திருக்கலாம். அதனால்தான் அந்த வருடம் ஐரோப்பாவில் 1 சதவீதத்துக்கு மேற்பட்டதையே கணக்கில் எடுத்தார்கள்.

நம் டவுன் கடையிலும் காலையில் மாடும் மத்தியானம் ஆடும் ஒரே மெஷினில் அரைபடலாம். அப்போது கடைக்காரரைத் திருடன் என்று சொல்வது அநியாயம். ஆனால் அம்மாவிடம் போய் ஒரு சதவீதக் கணக்குச் சொல்ல முடியுமா? அவருக்கு ஒரு துணுக்கும் மாடுதான். இரண்டு நாளாக இதுவே மண்டைக்குள் ஓடுகிறது, மச்சான். மெஷினைத் தனியாக வைக்கச் சொல்லிக் கேட்பதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. ஆடு என்று எழுதி விற்பவருக்கு அந்தப் பொறுப்பு இருக்கிறது.

நீயாக ரோல்ஸைப் பையில் போட்டு எனக்கு அனுப்பாதே. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) எழுத்தில் முறைப்பாடு கொடு. அவர் முறைப்படி எடுத்து முத்திரை வைத்த மாதிரிதான் வழக்கில் நிற்கும். எருமைக்கும் பார்க்க வேண்டும் என்று மறக்காமல் எழுது.

அப்புறம், நீ பெருமையாக வாங்கி வருகிறாயே அந்தக் காட்டுப்பன்றி, அதை வழக்கமான சோதனையில் வீட்டுப்பன்றியிலிருந்து பிரிக்கவே முடியாது. இரண்டும் ஒரே இனம். உரோம நிறத்தோடு தொடர்புடைய எம்.சி.1.ஆர். போன்ற வேறு மரபணுக்களைப் பார்க்க வேண்டும். விற்பவன் சொல்வதை நம்பி இரட்டிப்பு விலை கொடுக்காதே.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் எடுக்கிறேன். அதுவரை கடைப்பக்கம் போகாதே.

அன்புடன்,
குமார்